திருநாளும் திருவாழ்வும்

வணக்கம் இருவகைப்படும். நாவினாலும் கையினாலும் செய்வது ஒன்று. நடையினாற் செய்வது மற்றொன்று. முன்னது எளிது, பின்னது அரிது. எளிதாயதனைச் செய்து முடித்து, அதுவே முழுதுமென்று எண்ணி மனநிறைவு கொள்ளுதல் மக்கள் இயல்பு. அர்ச்சிஷ்டர்களை வணங்குந் துறையில் இவ்வியல்பு நம்மிடையே, சிறப்பாகக் கத்தோலிக்க இளைஞராகிய நம்மிடையே, எவ்வளவு வேரூன்றியுள்ளது என்பதனையும், அதனின்று நீங்கும் வழி யாது என்பதனையும் ஆராய்தலே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

ஆத்தூர் வட்டாரத்திற் பிறந்து வளர்ந்த எனக்குத் திருநாள் என்பது புதிதன்று. ஓர் ஊரில் திருநாள் முடிந்து தோரணம் வாடுமுன்னரே அடுத்த ஊரிற் கொடி ஏறிவிடும். அர்ச். அந்தோணியார்க்கு ஓர் ஊர், அர்ச். சந்தியாகப்பர்க்கு ஓர் ஊர், அர்ச். செபஸ்தியார்க்கு ஓர் ஊர், ஆரோக்கிய மாதாவுக்கு ஓர் ஊர் என்று ஒவ்வோர் ஊரும் தனக்கெனப் பாதுகாவலர் ஒருவரைக் கொண்டு பெருமிதம் அடையும். நவநாட்களில் மாலைதோறும் பூசையும் பிரசங்கமும் நடைபெறும். உப்பும் மிளகும் காணிக்கையாகக் குவியும். திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் பிழைப்பு நாடிச் சென்றவரெல்லாம் அந்தச் சில நாட்களுக்கேனும் ஊர் திரும்புவர். சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலையின் புதுமடிப்புக் கலையாமல் அன்னையர் கோயில் முற்றத்தில் அமர்ந்திருப்பர். மின்விளக்கு அணிந்த சப்பரம் இரவிற் புறப்படும், வாணங்கள் வெடிக்கும், வாத்தியங்கள் முழங்கும். இவற்றைக் கண்டு களியாத இளைஞன் எங்கள் பக்கத்தில் ஒருவனும் இலன்.

திண்டுக்கல்லை அடுத்துள்ள முத்தழகுப்பட்டித் திருநாளை அறியாதாரும் இரார். ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் அங்கே அர்ச். செபஸ்தியார் பெயரால் எடுக்கப்படும் விழாவில், மக்கள் நேர்ந்துகொண்டபடி ஆடுகளையும் கோழிகளையும் அரிசியையும் காணிக்கையாகக் கொணர்வர். அவையனைத்தும் பெருங் கொப்பரைகளிற் சமைக்கப்பட்டு, வந்தவர் எச்சமயத்தவர், எக்குலத்தவர் என்று வினவப்படாமல் பல்லாயிரவர்க்கும் படைக்கப்படும். கிறிஸ்தவரும் இந்துக்களும் முகம்மதியரும் ஒரே கொப்பரைச் சோற்றை உண்டு, வாழ்த்திச் செல்வர். உரோமைப் பேரரசில் தியோக்கிளேசியன் காலத்தில் வேதசாட்சியாக உயிர்நீத்த போர்வீரர் ஒருவரின் பெயரால், பாண்டி நாட்டின் வடபாகத்துச் சிற்றூர் ஒன்றில் ஏழையும் செல்வரும் ஒரே சோற்றை உண்பது வியப்பிற்குரிய காட்சியன்றோ? ஆதலின் திருநாட்கள் வேண்டா என்பார் கூட்டத்தைச் சேர்ந்தவனல்லன் யான். எழுத்தறியாத நம் பாட்டன்மார்க்கும் பாட்டிமார்க்கும் அர்ச்சிஷ்டர் வரலாற்றைக் கற்பித்த பள்ளிக்கூடம் இத்திருநாளே.

ஆயினும் என் உள்ளத்தில் நெடுநாளாக ஒரு வினா எழுந்துகொண்டிருக்கிறது. சப்பரம் நிலைக்கு வந்து சேர்ந்த மறுநாட் காலையில், நம் வாழ்வில் யாது மாறியிருக்கிறது?

காமராசர் சாகர் என வழங்கும் எங்கள் ஆத்தூர் நீர்த்தேக்கத்தை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். மலைமேற் பெய்யும் மழை அங்கே வந்து தேங்குகின்றது. விடுமுறை நாட்களில் அதன் கரையில் நின்று அழகை வியப்பவர் பலர். ஆனால் அந்நீர் வியப்பதற்காகத் தேக்கப்பட்டதன்று. திண்டுக்கல் நகரத்து மாந்தரின் வீட்டுக் குடங்களை நிரப்புதற்காகத் தேக்கப்பட்டது. நீர் கரையளவு நின்றும் குடம் வறிதாயிருப்பின் அணையாற் பயன் என்னை? அர்ச்சிஷ்டர்களின் வாழ்வும் திருச்சபை தேக்கிவைத்த அருள்நீரே. கரையில் நின்று கைகூப்பி வியந்து, வெறுங்குடத்தோடு வீடு திரும்புதலே நம் வழக்கமாகிவிட்டது என்பதுதான் என் குறை.

'அர்ச்சிஷ்டர்கள் எங்கே, நாம் எங்கே? அவர்கள் துறவிகள், மலைமுழைஞ்சில் தவம் புரிந்தவர்கள். நாமோ தேர்வுக்கும் வேலைக்கும் ஓடுகின்ற இளைஞர். முதுமை வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்று நண்பர் சிலர் உரைப்பர். இவ்வுரை இரண்டு பிழைகளை உடையது. அர்ச்சிஷ்டர் ஆவதற்கு முதுமை வேண்டும் என்பது ஒரு பிழை. துறவு வேண்டும் என்பது மற்றொரு பிழை.

முதற் பிழையை நீக்குதற்கு அவர்களுடைய வயதை எண்ணிப் பார்த்தலே போதும். போலந்து நாட்டு அர்ச். ஸ்தனிஸ்லாஸ் 1568-ஆம் ஆண்டில் இறந்தபொழுது அவருக்கு வயது 17. அர்ச். ஞானப்பிரகாசியார் எனத் தமிழர் அழைக்கும் அலோசியுஸ் கொன்சாகா, உரோமாபுரியிற் கொள்ளைநோய் பரவிய காலத்து நோயாளருக்குப் பணிசெய்து, அதனாலேயே நலிவுற்று 1591-இல் உயிர்நீத்தபொழுது வயது 23. குழந்தை சேசுவின் அர்ச். தெரேசம்மாள் 1897-இல் மறைந்தபொழுது வயது 24. மடத்தின் மதிலைக் கடந்து செல்லாத அப்பெண்மணியே பின்னர் வேதபோதக நாடுகளின் பாதுகாவலியாக அறிவிக்கப்பட்டாள். இவர்களுள் எவரும் முதுமைக்குக் காத்திருந்தாரல்லர். காத்திருந்தால் முதுமை வந்திராது. அர்ச்சிஷ்டர் பட்டமும் வந்திராது.

இரண்டாம் பிழைக்கு விடையாக, 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் பாப்பரசர் பதினான்காம் லெயோ ஒரே பூசையில் அர்ச்சிஷ்டர் என அறிவித்த இருவரைச் சுட்டுவேன். ஒருவர் பியர் ஜோர்ஜோ ஃப்ரசாத்தி; மற்றவர் கார்லோ அக்கூத்திஸ். இருவரும் குருக்களுமல்லர்; துறவியருமல்லர்.

ஃப்ரசாத்தி 1901-இல் இத்தாலியின் துரின் நகரிற் பிறந்தார். தந்தையார் பெரும் பத்திரிகை ஒன்றின் அதிபர், செல்வர், சமய ஈடுபாடு இல்லாதவர். மகனோ நம்மைப்போலவே கல்லூரி மாணவர். சுரங்கத் தொழிலாளரின் நடுவே பணிசெய்ய விரும்பிச் சுரங்கப் பொறியியல் பயின்றார். நாம் நண்பரோடு சிறுமலைக்குச் செல்வதுபோல அவரும் ஆல்ப்ஸ் மலைகளில் ஏறி மகிழ்ந்தார். நண்பரோடு விளையாடிக் களித்தார். அதே இளைஞர் வின்சென்ட் தே பவுல் சபையில் உறுப்பினராகி, வீட்டார் அறியாமல், ஏழைகளின் குடிசைகளைத் தேடிச் சென்று மருந்தும் பொருளும் உதவினார். 24-ஆம் வயதில், 1925-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், இளம்பிள்ளை வாதத்தாற் சில நாட்களில் உயிர் துறந்தார். கையசைக்கவும் வலியற்றுக் கிடந்த நிலையிலும், ஏழை ஒருவனுக்குச் சேரவேண்டிய மருந்தை நினைவுறுத்தி நண்பர்க்குச் சீட்டெழுதினார். அவருடைய அடக்கத்தன்று துரின் நகரத்துத் தெருக்களில் ஏழைகள் திரண்டு நின்றதைக் கண்டபின்னரே, தம் மகன் யாரென்பதைப் பெற்றோர் அறிந்தனர். ஏழைகளோ, தமக்கு உதவிய இளைஞர் இத்துணைச் செல்வர் வீட்டுப் பிள்ளை என்பதனை அன்றே அறிந்தனர்.

அக்கூத்திஸ் நம் காலத்தவர். 1991-இல் இலண்டனிற் பிறந்து, மிலான் நகரில் வளர்ந்து, 2006-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் இரத்தப் புற்றுநோயால் 15-ஆம் வயதில் மறைந்தார். நாள்தோறும் பூசை காண்பதும் தேவநற்கருணை உட்கொள்வதும் அவர் வழக்கம். கணினியில் வல்லவராகிய அவர், தேவநற்கருணையைப் பற்றிய அற்புதங்களைத் தொகுத்து இணையத்தில் யாவரும் காண வைத்தார். தம் கைச்செலவுப் பணத்தைச் சேர்த்து வீதியில் உறங்குவோர்க்குப் படுக்கை வாங்கிக் கொடுத்தார். நம் கையிலும் அவர் கையிலிருந்ததைவிட ஆற்றல் மிக்க கருவி இருக்கின்றது. அது நள்ளிரவு வரை நம்மை ஆள்கின்றதா, நாம் அதனை ஆள்கின்றோமா என்று நம்மை நாமே வினவிக்கொள்வோமாக. கருவியின்மேற் குற்றமில்லை, பிடித்த கையின்மேலேதான் குற்றம்.

தமிழ் பயிலும் மாணவன் என்ற முறையில் இங்கே ஒன்று கூறாதிருத்தல் இயலாது. நம் மொழியில் முதன்முதல் அச்சேறிய நூல்களுள் ஒன்று அர்ச்சிஷ்டர்களின் சரித்திரமே. அண்டிரிக் அடிகளார் இயற்றி 1586-இல் வெளிப்பட்ட 'அடியார் வரலாறு' என்னும் அந்நூல், முத்துக்குளித்துறைப் பரதவர்க்காகத் தமிழ் உரைநடையில் எழுதப்பட்டது. 1578-இற் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னுஞ் சிறு நூலை அச்சிட்டு எட்டாண்டு நிறைவதற்குள், வலை வீசும் மீனவர்க்கு அர்ச்சிஷ்டர் சரித்திரம் வேண்டும் என்று அவர் கருதினார். ஏன் கருதினார்? விசுவாசம் சூத்திரங்களால் மட்டும் வளர்வதன்று; வாழ்ந்துகாட்டிய மாந்தரைக் கண்டு வளர்வது என்பதை அவர் அறிந்திருந்தமையால்.

வீரமாமுனிவர் 1726-இல் இயற்றிய தேம்பாவணியை நோக்குங்கள். 36 படலங்களும் 3615 பாக்களும் கொண்ட அப்பெருங்காப்பியத்தின் தலைவன் யார்? முடியுடை வேந்தனா? படைநடத்திய வீரனா? நாசரேத்தூரில் உளி பிடித்து உழைத்த தச்சர் சூசையப்பர்! தன்னிகரில்லாத் தலைவனைக் காப்பியத்திற்கு வேண்டும் இலக்கண மரபில், கைவினைஞர் ஒருவரை அவ்வரியணையில் ஏற்றினார் முனிவர். இப்புரட்சியை நாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்கின்றோம். ஆனால் நம் தெருவில் உளி பிடிப்பவனையும் தோல் பதனிடுபவனையும் நூல் சாயம் தோய்ப்பவனையும் எவ்விடத்தில் வைத்திருக்கின்றோம்?

கற்றவராகிய நமக்கு அர்ச். பிரான்சிஸ்கு சவேரியாரும் ஒரு பாடம் வைத்துள்ளார். பாரிஸ் பல்கலைக்கழகத்திற் பயின்று அங்கேயே தத்துவம் கற்பித்து வந்த அவர், 1542-இல் இந்தியா போந்து, முத்துக்குளித்துறையில் தமிழ்ச் செபங்களை நெட்டுருச் செய்து, மணியடித்துச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார். 1544-ஆம் ஆண்டு சனவரியிற் கொச்சியிலிருந்து அவர் வரைந்த கடிதமொன்றின் கருத்து மறக்கற்பாலதன்று. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் சென்று, அன்பினும் கல்வியையே மிகுதியாகக் கொண்டோரை நோக்கிப் பித்தனைப்போல் உரக்கக் கூவவேண்டும் என்று தமக்குத் தோன்றுவதாக அவர் அதில் எழுதினார். அக்கூவல் ஐரோப்பியர்க்கு மட்டுமா உரியது? பட்டம் பெற்று, நல்வேலை பெற்று, நகரத்தில் வீடு பெற்று, பிறந்த ஊரைத் திருநாளன்று மட்டும் நினைக்க ஆயத்தமாகிக்கொண்டிருக்கும் நம் செவிக்கும் உரியதன்றோ?

நிற்க. இதுகாறும் கூறியவை பொதுவாக யாவரும் உடன்படத்தக்கவை. இனி யான் கூறப்போவது சிலர்க்குக் கசப்பாயிருக்கலாம். எனினும் கசப்புக்கு அஞ்சி மருந்தை மறைக்கும் மருத்துவன் நோயாளிக்கு நண்பனல்லன்.

தமிழகத்துக் கத்தோலிக்க இளைஞன் பின்பற்றவேண்டிய அர்ச்சிஷ்டர் ஒருவரைச் சொல் என்று என்னைக் கேட்பின், தேவசகாயம் என்பேன். 1712-இல் நட்டாலத்திற் பிறந்த நீலகண்டபிள்ளை, திருவிதாங்கூர் அரசில் அலுவல் பார்த்தவர். 1741-இற் குளச்சற் போரிற் சிறைப்பட்டுப் பின்னர் அவ்வரசின் படைத்தலைவரான ஒல்லாந்தர் தெலானாயுடன் நட்புக்கொண்டார். தமக்குற்ற குடும்பத் துயரங்களைக் கூறிக் கலங்கியபொழுது, தெலானாய் அவருக்கு யோபின் சரித்திரத்தை எடுத்துரைத்தார். அச்சரித்திரமே வித்தாகி, 1745-ஆம் ஆண்டு மே மாதத்தில் வடக்கன்குளத்தில் சேசுசபைக் குரு புத்தாரி சுவாமியார் கையால் அவர் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதன்பின் மேற்குலத்தார் ஒதுக்கிவைத்த மக்களோடு கலந்து உண்டு பழகினார். மக்களனைவரும் சமம் என்று அவர் வற்புறுத்தியதும் அவர்மேல் எழுந்த பகைக்கு ஒரு காரணமாயிற்று என்று அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர். 1749-இற் சிறைப்பட்டார். எருக்கமாலை சூட்டி, எருமைமேலேற்றி, ஊரூராக அவரை இழுத்துச் சென்றனர். 1752-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடல் கோட்டாற்றுச் சவேரியார் கோயிலில் அடக்கஞ் செய்யப்பட்டுள்ளது. 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் அவரை அர்ச்சிஷ்டர் என அறிவித்தார். இந்திய நாட்டுப் பொதுநிலையினருள் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. பட்டமளித்தபொழுது அவர் பெயரோடு ஒட்டியிருந்த குலப்பெயர் விடப்பட்டுத் தேவசகாயம் என்றே அழைக்கப்பட்டார் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் யாது நேர்ந்தது? 1872-இல் அங்கே எழுப்பப்பட்ட பரிசுத்த குடும்பக் கோயில், இரு குலத்தார் ஒருவரையொருவர் காணாமல் ஒரே பீடத்தை நோக்குமாறு இரு கிளையாக, இடையே சுவரோடு, அமைந்திருந்தது. குலத்தைக் கடந்த தேவசகாயம் மறுபிறப்புற்ற ஊரில், குலத்திற்காக ஒரு சுவர்! கௌசானல் சுவாமியார் துணிந்து 1910-இல் அச்சுவரை இடித்தெறிந்தார். அதனைப் பொறாதார் நீதிமன்றம் சென்றனர். அவர்கள் வழக்குத் தோற்றது. கல்லாலாய சுவர் வீழ்ந்து நூறாண்டுக்கு மேலாகின்றது. மனத்தாலாய சுவர் வீழ்ந்ததா?

இவ்வினாவைப் பிறர்மேல் எறிந்துவிட்டு யான் ஒதுங்கிக்கொள்ள என் மனச்சான்று இடந்தரவில்லை. எனக்கு வயது 13 ஆக இருந்த காலத்து நிகழ்ச்சி ஒன்று. எங்கள் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில். அதன் பெயர் ஈண்டு வேண்டுவதன்று. திருநாளிரவு சப்பரம் புறப்பட்டது. பூசையுதவிச் சிறுவராகிய நாங்கள் இருவர் மெழுகுதிரி ஏந்தி முன்சென்றோம். என்னுடன் வந்தவன் என் வகுப்புத் தோழன். ஒரே பலகையில் அமர்ந்து பயின்றவன். ஒரே பீடத்தில் என்னோடு மறுமொழி உரைத்தவன். சப்பரம் நான்கு தெருக்களைச் சுற்றி அவனுடைய தெருவின் முனைக்கு வந்தது; திரும்பிவிட்டது. 'வழக்கம் இல்லை' என்றார் பெரியவர் ஒருவர். அத்தெருவின் வாயிலில் கோலமிட்டுக் குத்துவிளக்கேற்றி நின்ற மகளிர், விளக்கை அணைக்கவும் மாட்டாமல் நின்றனர். என் தோழன் தன் மெழுகுதிரியை என் கையிற் கொடுத்தான். ஒன்றும் பேசாமல் அம்முனையிலேயே நின்றுவிட்டான். யானோ இரு திரிகளையும் ஏந்திக்கொண்டு சப்பரத்தோடு நடந்தேன்.

அதே கிழமையில் நடந்த பேச்சுப் போட்டியில் அர்ச். ஞானப்பிரகாசியாரின் பிறரன்பைப் பற்றிப் பேசி யான் முதற்பரிசு பெற்றேன் என்பதனையும் வெட்கத்துடன் எழுதுகின்றேன். நோயுற்றோரைத் தொட்டுத் தூக்கிய அவரைப் புகழ நாவிருந்தது. தோழனருகே நிற்கக் காலில்லை. மறு ஆண்டு அவன் பீடப்பணிக்கு வரவில்லை. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, யானும் கேட்கவில்லை.

சென்ற விடுமுறையில் அவன் இல்லத்தைத் தேடிச் சென்றேன். எங்கள் வீட்டிலிருந்து அரைக் கல் தொலைவுதான். ஆனால் அத்தெருவினுள் அன்றுதான் முதன்முறையாக அடிவைத்தேன். அவன் ஒன்றும் பழித்துரைத்திலன். அவன் அன்னையார், 'சாப்பிட்டுப் போ, தம்பி' என்று இலையிட்டார். அவ்வுணவினும் சிறந்த விருந்தை யான் எத்திருநாளிலும் உண்டதில்லை. வீடு திரும்பியபொழுது பாட்டியார் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், 'நீ படித்தவன். உனக்குத் தெரியும்' என்றார். அது உடன்பாடோ வருத்தமோ அறியேன். இரண்டும் கலந்ததாகவே இருக்கலாம்.

'குலவழக்கம் சமுதாயத்தைச் சேர்ந்தது. விசுவாசம் ஆன்மாவைச் சேர்ந்தது. இரண்டையும் கலத்தல் ஆகாது. பழைய குருக்களே குலவழக்கத்தோடு ஒத்துப்போயினரல்லரோ?' என்று வினவுவார் உளர். மதுரை மிஷன் குருக்கள் நாட்டு நடைக்கு இசைந்து வாழ்ந்தனர் என்பது மெய்யே. போர்த்துக்கல் அரண்மனையில் வளர்ந்த அர்ச். அருளானந்தர் பண்டாரசுவாமிகளின் கோலம் பூண்டு, காய்கறியுண்டு, வெறுந்தரையில் உறங்கினார். குலத்தாற் பிரிந்து நின்ற மக்களிடையே எல்லாரையும் அணுகுதற்குரிய வழியாகக் கண்டே அக்கோலத்தை அவர் ஏற்றார். 1687-இல் அவரைத் தாயகத்திற்கு அனுப்பியபொழுது அரசனே அவரை அங்கு நிறுத்திக்கொள்ள விரும்பியும், மறவர் நாட்டுக் குடிசைகளை நாடி மீண்டும் வந்தார். 1693-ஆம் ஆண்டு பெப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் தலை கொடுத்தார். மக்களை நெருங்குதற்கு அவர் ஒரு வழக்கத்தைத் தாங்கினார். நாமோ மக்களினின்று விலகுதற்கு ஒரு வழக்கத்தைத் தாங்குகின்றோம். இரண்டும் ஒன்றாமோ? ஓடம் ஆற்றைக் கடப்பதற்கு. கடந்தபின் அதனைத் தலையிற் சுமந்து திரிவார் உண்டோ?

திருச்சபையும் இதில் ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. 2003-ஆம் ஆண்டில் தம்மைக் காணவந்த தமிழகத்து ஆயர்களிடம், கிறிஸ்தவரிடையே சாதியை முன்னிட்டு எழும் எவ்வகை வேறுபாடும் மெய்யான ஆன்மிக வாழ்வுக்குக் கேடு என்று பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் எடுத்துரைத்தார். போதனைக்குக் குறைவில்லை, குறைவு நம் கால்களில் உள்ளது.

ஆகவே நண்பர்காள், பெருஞ் செயல்களைக் கனவு காணாமல், நம்மால் இவ்வாண்டே இயலுவன சிலவற்றைக் கூறி முடிக்கின்றேன்.

முதலாவது, ஞானஸ்நானத்தில் நம் பெயராகிய அர்ச்சிஷ்டரின் சரித்திரத்தை முழுமையாகக் கற்போம். அந்தோணி என்று பெயர் கொண்டு, அவர் காணாமற்போன பொருளைத் தேடித்தருபவர் என்பதற்கு மேல் ஒன்றும் அறியாதிருத்தல் நாணத்தக்கது. அவர் வாழ்வில் நம்மை வருத்துகின்ற ஒரு நிகழ்ச்சியைக் கண்டுபிடிப்போம். நம்மை வருத்தாத சரித்திரத்தை நாம் இன்னும் கல்லவில்லை என்றே பொருள்.

இரண்டாவது, நம் பங்கைச் சேர்ந்தவராயிருந்தும் நாம் ஒருபொழுதும் நுழைந்திராத தெருவொன்று இருப்பின், அங்கே சென்று ஒரு வீட்டில் உண்போம். முத்தழகுப்பட்டியில் ஓரிரவு இயலுவது, நம் ஊரில் ஒரு நண்பகல் இயலாதா?

மூன்றாவது, நம் பங்கின் இளைஞர் சபையில் எழுந்து, சப்பரம் எல்லாத் தெருக்களுக்கும் செல்லவேண்டும் என்றும், கல்லறைத் தோட்டத்தில் வேலியிருப்பின் அது நீங்கவேண்டும் என்றும் பணிவுடன் கேட்போம். பெரியோரை இகழ்தல் நம் வேலையன்று. ஆனால் மௌனத்தை மரியாதை என்று மயங்குதலும் நம் வேலையன்று. ஒருவன் கேட்டால் நகைப்பர். பதின்மர் கேட்டால் சினப்பர். பங்கிலுள்ள இளைஞரெல்லாம் கேட்டால் சிந்திப்பர்.

நான்காவது, நாளை நமக்கு மணவினைப் பேச்சு எழும். செய்தித்தாள்களில் வரும் மணமக்கள் விளம்பரங்களில் 'ரோமன் கத்தோலிக்கர்' என்ற சொல்லுக்கு அடுத்தே குலத்தின் பெயரும் வருதலைக் காண்கின்றோம். ஒரே நற்கருணையை உண்பவர் ஒரே குடும்பமாக ஒவ்வார் என்பது எவ்வகை வேதம்? அந்நாளில் நாம் என்ன சொல்லுவோம் என்பதை இன்றே நம் உள்ளத்தில் முடிவு செய்துகொள்வோமாக. பத்தொன்பது வயதினன் இதனைப் பேசலாமோ எனின், ஃப்ரசாத்தியும் ஞானப்பிரகாசியாரும் இளமையில்தான் தம் வாழ்வைத் தீர்மானித்தனர் என்பதே என் விடை.

இவற்றுள் எதுவும் தலை கொடுத்தலை நிகர்க்காது. நம்மை எருமைமேல் ஏற்றுவார் எவருமிலர். காற்றாடிமலைக்கு இழுத்துச் செல்வார் எவருமிலர். நாம் இழக்கக்கூடியது உறவினர் சிலரின் முகமலர்ச்சியும், ஊரார் சிலரின் நன்மொழியுமே. அத்துணைச் சிறுவிலை கொடுக்க மாட்டாதவராய், அர்ச்சிஷ்டரின் சுரூபத்திற்கு மட்டும் ஆயிரங் கணக்கில் மாலை வாங்குதல் வேடிக்கையன்றோ?

எதிர்வரும் திருநாளிலும் சப்பரம் புறப்படும், வாணங்கள் வெடிக்கும், யானும் அங்கிருப்பேன். என் தோழனிடம் திருப்பித் தரவேண்டிய மெழுகுதிரி ஒன்று ஆறாண்டுகளாக என் கையில் இருக்கின்றது. அந்தத் தெருமுனையில் சப்பரம் திரும்பினால், இம்முறை யானும் அவனருகே நின்றுவிடுவேன். அது நேராமல், விளக்கேற்றி நிற்கும் அவ்வீடுகளின் முன்னே அர்ச்சிஷ்டர் அன்று எழுந்தருளுமாறு எல்லாம் வல்ல சர்வேசுரன் அருள்புரிவாராக!

— தமிழ் ஆனர்ஸ் மாணவன் ஒருவன், ஆத்தூர்